அணைத்த பிறகும் ஓடும் பம்பு

ஜூன் 1, ஞாயிறு

கோயம்புத்தூர் மாநகர வரலாற்றில் இன்று ஒரு பொன்னாள். என் அக்கா மகள் தாரிணி கார் வாங்கிவிட்டாள். ஷோரூமிலிருந்து வடவள்ளி வரை வழியின் இரு மருங்கும் மக்கள் திரண்டு நின்று பார்த்தார்கள். சிக்னலில் பச்சை விழுவதற்காக நின்றார்கள் என்கிறான் அவள் கணவன் பிரகதீஷ். தொழிற்சாலையில் அச்சு, கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்ப்பவன். கண்ணுக்கு எட்டியதை மட்டும்தான் நம்புவான்.

ஷோரூம்காரர் பானட்டைத் திறந்து காட்டினார். மூன்று சிலிண்டர். ஒரே ஒரு லிட்டர் இன்ஜின். நான் மோர் குடிக்கும் சொம்பு இதைவிடப் பெரியது.

"இதா மலையேறும்?" என்றேன்.

"டர்போ இருக்குதுங்க சார். வெளிய போற புகையோட வேகத்துலயே ஒரு சக்கரம் சுத்தி, காத்தை இழுத்து உள்ள அமுக்கும். சின்ன இன்ஜின், பெரிய இழுவை. கையேட்டுல எல்லாம் போட்டிருக்குது, ஒருக்காப் படிச்சுப் பாத்துருங்க."

கையேடா? முப்பது வருடம் பம்புசெட் விற்றவன் இந்தச் சென்னியப்பன். நான் விற்ற பம்புகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் வங்காள விரிகுடாவில் மீன்கள் நடந்துதான் போக வேண்டும். ஒரு பம்புக்கு நானே கையேடு எழுதியிருக்கிறேன். அதை ஒருவரும் படித்ததில்லை என்பதால் கையேடுகளின் மரியாதை எனக்கு நன்றாகத் தெரியும்.

கார் வாங்கிய காரணத்தையும் வருங்காலச் சந்ததிக்குச் சொல்லிவைக்கிறேன். தாரிணி பிசியோதெரபிஸ்ட். கோத்தகிரியில் ஓர் ஆஸ்பத்திரி வாரம் மூன்று நாள் அவளை வரச்சொல்லிக் கேட்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போனால் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, ஏறி, போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். "நீயே ஓட்டீட்டுப் போறதுன்னா போ கண்ணு, நானென்ன தடுக்கவா போறேன்" என்று பெருந்தன்மையாக உத்தரவு கொடுத்தார் அவள் மாமனார் நாச்சிமுத்து. அவள் ஓட்டமாட்டாள் என்ற தைரியம்தான் அந்தப் பெருந்தன்மை. கல்யாணமான புதிதில் அவருடைய காரைக் கொண்டுபோய் கேட்டில் இடித்தவள், அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. இந்த வருடம்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கற்றாள்.

இன்று ஷோரூமிலிருந்து அவளே ஓட்டி வந்தாள். நான் முன்சீட்டில், மகாராஜாவின் யானைமேல் அமர்ந்த மாதிரி.

ஜூன் 4, புதன்

கார் ஒரு திருட்டு வேலை செய்கிறது. கண்டுபிடித்துவிட்டேன்.

காலைக் காப்பிக்குத் தாரிணி வீட்டுக்குப் போனேன். (நான் பக்கத்துத் தெருவில் தனிக்கட்டை. ராத்திரிச் சமையலை நானே செய்து நானே மன்னித்துக்கொள்வேன். காலைக் காப்பி மட்டும் அவள் கையால்.) அவள் கடைக்குப் போய்வந்து, வண்டியை நிறுத்தி, அணைத்து, உள்ளே போய்விட்டாள். இன்ஜின் செத்துக் கிடக்கிறது. ஆனால் உள்ளே 'ஙொய்ய்ய்' என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

பம்பு! அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? பெற்ற தாய் குழந்தையின் அழுகையை மறந்தாலும் நான் பம்பின் முனகலை மறக்கமாட்டேன்.

மேல்தொட்டி நிறைந்து வழிந்தும் மோட்டார் ஓடுகிற வீட்டைக் கண்டால், முன்பின் தெரியாத வீடானாலும் காலிங் பெல்லை அடித்து, "மோட்டாரை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிற ஊர் எங்கள் ஊர். நான் இதுவரை ஆயிரம் பெல்லாவது அடித்திருப்பேன். மோட்டார் நின்றால் பம்பு நிற்க வேண்டும். நிற்காத பம்பு கரண்டைக் குடிக்கிற பம்பு. இப்படியே விட்டால் ஒரு மாதத்தில் பேட்டரி வற்றி, மலைநடுவில் தாரிணி நின்றுபோவாள். ஷோரூமில் எவனோ ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான்.

பானட்டைத் திறந்தேன். ஓரமாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு குட்டிப் பம்பு. அதில் செருகிய ஒரு ஒயர். உருவிவிட்டேன். சாமானியமாகக் கழன்று வரவில்லை. ஒரு நகம் உடைந்தது.

நிசப்தம். திருப்பதி நடை சாத்தியது போல.

இப்போதைக்கு யாருக்கும் சொல்லப்போவதில்லை. பத்து வருடம் கழித்தும் அந்த பேட்டரி சாகாமல் இருக்கும்போது, தக்க மாலை மரியாதைகளுடன் வெளியிடுவேன்.

ஜூன் 8, ஞாயிறு

தாரிணி தானே பானட்டைத் திறந்து வைப்பர் தண்ணீர் ஊற்றினாள். முதல்முறை. எந்த மூடி என்று என்னைக்கூடக் கேட்கவில்லை. ஊற்றி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ எவரெஸ்டில் கொடி நட்டவள் போல எங்கள் எல்லோரையும் பார்த்தாள். நான் கைதட்டினேன். பிரகதீஷ் போட்டோ எடுத்தான். நாச்சிமுத்து மட்டும், "பாத்து கண்ணு, எண்ணெயில தண்ணிய ஊத்தீராத" என்றார்.

புதன்கிழமை கோத்தகிரி. ஆஸ்பத்திரியைப் பார்த்துவர. முதல் மலைப் பயணம். நானும் போகிறேன், துணைக்கு.

ஜூன் 11, புதன்

அழகாக ஓட்டினாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதை இன்று யாரும் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாலாவது வளைவில் தளர்ந்தது. பிறகு லாரிக்கு வழிவிட்டு, பஸ்ஸுக்கு ஹாரன் அடித்து, ஏற்றத்தில் நிறுத்தி எடுத்து... அந்த மோர்ச்சொம்பு இன்ஜின் சிங்கம்போல உறுமிக்கொண்டு ஏறியது. பாதிக்குமேல் ஏறியதும் ஒரு டீக்கடை. "மாமா, டீ குடிக்கலாங்களா? காசு என்ற கணக்கு" என்று ஓரங்கட்டி, அணைத்துவிட்டு இறங்கினாள். அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தில் அந்த மலைக்கே விளக்குப் போடலாம்.

டீ வருவதற்குள் வண்டிக்குள்ளே 'குளுக் குளுக்' என்றது. கொப்பளிக்கிற சத்தம். பிறகு பானட் இடுக்கில் ஆவி. பிறகு ரோஜா நிறத் தண்ணீர், சொட்டாகத் தொடங்கி, ஓடையாகிக் கீழே வழிந்தது.

"மாமா! கொதிக்குதுங்க மாமா!"

பானட்டைத் திறந்தாள். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் டப்பா கொதித்துக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றி மூடியைத் திருகப் போனாள். நான் போட்ட சத்தத்தில் எதிர்மலையில் யானைகள் விழித்திருக்கும். "தொடாத கண்ணு! தொறந்தா மூஞ்சியெல்லாம் வெந்துரும்!" கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

அவள் அங்கேயே, கல்மேல் உட்கார்ந்தாள். "நான் என்னமோ தப்பாப் பண்ணிட்டேன். ரெண்டாங் கியர்லயே ரொம்ப நேரம் ஏத்திட்டனுங்களா? ஆக்சிலேட்டரப் போட்டு மிதிச்சுட்டனா?"

"அதெல்லாம் இல்ல கண்ணு."

"நீங்க இல்லீன்னா என்ற கை வெந்திருக்கும் மாமா."

பிரகதீஷுக்குப் போன் செய்தாள். வண்டியை ஏற்றிப்போக ரெக்கவரி லாரி வரும், காத்திருங்கள் என்றான். வெகுநேரம் காத்திருந்தோம். ஆவி அடங்கியது. அவள் முகம் கழுவக் கடைக்குப் பின்னால் போனாள்.

அந்த நேரத்தில், பொறுப்புள்ள ஒரு மனிதன் பார்வையிட வேண்டியதை நான் பார்வையிட்டேன். கழன்றிருந்த ஒன்று அது இருக்க வேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. 'டிக்' என்றது. சூட்டில் என் விரல்நுனி பொரிந்தது. டீக்கடைப் பூனை மட்டும் பார்த்தது.

சரியான இடத்தில் சேர்ந்துவிட்டதால் இனி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 13, வெள்ளி

சர்வீஸ் சென்டர். ஏசி அறை, கண்ணாடி மேஜை, டை கட்டிய இளைஞர். நானும் தாரிணியும் பக்கத்துப் பக்கத்தில், பிரகதீஷ் நின்றுகொண்டு.

"இன்ஜினுக்குப் பெருசா ஒண்ணும் ஆகலீங்க மேடம். கூலன்ட் மாத்தி, மூடி மாத்தியாச்சு. என்ன ஆச்சுன்னா... மலை ஏறி வந்தா டர்போ செவக்கச் செவக்கக் காஞ்சிருக்கும். இன்ஜின ஆஃப் பண்ணா தண்ணி ஓட்டறதும் நின்னுரும். ஆனா சூடு நிக்காதுங்களே? டர்போவுல தேங்கி நிக்கற தண்ணி அங்கயே கொதிச்சு, ஆவியாகி, டப்பாவுக்கு ஏறி வழியும். அது நடக்கக் கூடாதுன்னுதான் ஒரு சின்ன கரண்ட் பம்பு வெச்சிருக்காங்க. ஆஃப் பண்ணப்புறமும் கொஞ்ச நேரம் அது தண்ணியச் சுத்தவிட்டு, சூட்ட வெளிய கொண்டுவந்துரும்."

திருட்டுப் பம்பு, கரண்ட் குடிக்கிற பம்பு என்று நான் தீர்ப்பு எழுதிய அந்தக் குட்டி, வீட்டில் எல்லோரும் படுத்த பிறகும் அடுப்படியைக் கழுவிவிட்டுப் படுக்கிற ஜென்மம் என்று இந்த டை கட்டிய பிள்ளை சொல்கிறார்.

"அந்தப் பம்பு ஓடலீங்களா?" என்றான் பிரகதீஷ்.

"கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தோங்க. நடுவுல கொஞ்ச நாள் அந்தப் பம்போட கனெக்சன் விட்டிருக்குது. அப்புறம் தானாவே வந்திருக்குது. இப்ப நல்லா ஓடுது. யாராச்சும் பானட்டத் தொறந்தீங்களா?"

சுவரில் ஒரு போஸ்டர் இருந்தது. டயர் காற்று பற்றியது. அதை நான் முழுவதும் படித்தேன்.

"நான்தாங்க தொறந்தேன்," என்றாள் தாரிணி. "வைப்பர் தண்ணி ஊத்தறதுக்கு."

"அப்ப கை பட்டு லூஸ் ஆயிருக்குமாட்ட இருக்குதுங்க மேடம். மலைல குலுங்கினதுல மறுக்கா செட்டாயிருக்கும். பரவால்லீங்க, இனிமே அதெல்லாம் எங்ககிட்டயே குடுத்துருங்க."

பிரகதீஷ் சட்டைப்பையில் கைவிட்டான். போனில் எதையோ தேடினான். அவன் எதைத் தேடினான் என்று எனக்குத் தெரியும். வைப்பர் தண்ணீர் ஊற்றிய அந்தப் போட்டோவை. அதில் அவள் கை எங்கே இருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தான்.

நான் அப்போதே சொல்லியிருப்பேன். நல்ல காலம், தொண்டையில் ஏசிக்காற்று பட்டுவிட்டது.

ஜூன் 14, சனி

விரல்நுனிக்கு மஞ்சள் வைத்தேன். எண்ணெய்ச் சட்டி பட்டுவிட்டது என்று கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

காப்பி நேரத்தில் நாச்சிமுத்து பேப்பரை மடித்துவைத்துவிட்டு ஆரம்பித்தார்.

"அன்னிக்கு கேட்டு. இன்னிக்கு பம்பு. நானொண்ணும் சொல்லலீங்க சம்பந்தி. சிலரு கைக்கு அடுப்பு வாகா இருக்கும், சிலரு கைக்கு ஸ்டியரிங் வாகா இருக்கும். அவ்வளவுதான்."

"பேப்பரப் படிங்க," என்றேன்.

"உண்மைய வேற யாரு சொல்றது?"

தாரிணி சமையலறையிலிருந்து டம்ளருடன் வந்தாள். நாச்சிமுத்து சொன்னதைக் கேட்டிருக்கிறாள். கேட்காதவள் போலக் காப்பி ஆற்றினாள். பிறகு என்னிடம், "மாமா, புதங்கெழமை கோத்தகிரி வரச்சொல்லி இருக்காங்க, ஒரு நாள் வேலை செஞ்சு பாக்கறதுக்கு. நீங்க ஓட்டீட்டு வர்றீங்களா?" என்றாள்.

"நீ ஓட்டு கண்ணு. நான் பக்கத்துல..."

"வேண்டாங்க மாமா. என்ற கை பட்டாவே என்னமாவது ஆகுது."

சரி என்றேன். இதில் நான் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கக் கொடுத்ததற்கு அது அழுக்காக இருந்ததுதான் காரணம்.

ஜூன் 18, புதன்

ஆகா! இந்த நீலகிரி மலை என்னைப் போன்ற ஒரு சாரதியைக் கண்டதில்லை. கொண்டை ஊசி வளைவுகள் தாமாகவே நிமிர்ந்து வழிவிட்டன. எதிரே வந்த அரசுப் பேருந்தின் ஓட்டுநர் என் வளைப்பைப் பார்த்து வேலையை ராஜினாமா செய்யத் தீர்மானித்ததை அவர் முகத்திலேயே கண்டேன். குளிர்காற்று. ஒரு பாட்டும் வாயில் வந்தது. வழியில் சூடான வர்க்கி பிஸ்கட். தாரிணி வாங்கித்தந்தாள்.

வாரம் மூன்று நாள் இப்படி என்றால், இந்த வயதில் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அவளும் தனியாகப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கும் நிம்மதி. நாச்சிமுத்துவுக்கும் நிம்மதி. யாருக்கும் கெடுதி இல்லாத ஏற்பாடு.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலதுகால் தரையை அமுக்கியது. அங்கே பிரேக் இல்லை. அவளுக்கு அது தெரியாமலே அமுக்கினாள்.

ஆஸ்பத்திரியில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேயிலை பறிக்கிற பெண்கள் வரிசையில். ராசம்மா என்று ஒருத்தி, தோள் இறுகி, வலது கையைத் தூக்க முடியாமல் ஆறுமாதமாக இடது கையாலேயே பறிக்கிறாளாம். கதவு பாதி திறந்திருந்தது. தாரிணி அவள் முழங்கையைத் தாங்கி, "இன்னுங் கொஞ்சம்... மூச்ச விடுங்க... இன்னுங் கொஞ்சங்க" என்று ஏற்றிக்கொண்டே இருந்தாள். அவசரமே இல்லை. கடைசியில் ராசம்மாவின் கை அவள் கொண்டையைத் தொட்டது. அவ்வளவுதான். ஊசியைப் பிடுங்கி, தானே மறுபடி செருகிக்கொண்டாள். செருகிவிட்டு, "அடுத்த வாரமும் நீங்கதான வருவீங்க டாக்டரம்மா?" என்றாள்.

தாரிணி துண்டை மடித்தாள்.

திரும்பும்போது நான் பாடவில்லை. இறக்கத்தில் கவனம் வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

பிரகதீஷ் வேலைக்குப் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினான். நான் அவர்கள் வாசலில் நின்றிருந்தேன். அவன் உள்ளே போன பிறகு 'ஙொய்ய்ய்' என்று பம்பு ஓடியது. தாரிணி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மாமா, மறுபடியும் சத்தம் வருதுங்க!" உள்ளே திரும்பிப் பிரகதீஷிடம் கத்தினாள்: "ஏனுங்க, வண்டிய ஆஃப் பண்ணீங்களா இல்லியா?"

"பண்ணித்தான் இருக்குது கண்ணு. அது அப்படித்தான் ஓடோணும். சூட்ட எறக்குது."

"அப்ப மொத நாள்லயும் இந்தச் சத்தம் கேட்டுதே. நடுவுல நின்னுபோச்சு. நின்னது எனக்குத் தெரியவே இல்ல பாருங்க." கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம்னே தெரியாம மலைல ஓட்டறதுக்குப் போனேன். அன்னிக்கு ஏத்தத்துல என்னமாவது ஆயிருந்துதுன்னா, பின்னாடி உக்காந்திருந்த உங்களையும்ல சேத்து..."

முன்னாடி என்று திருத்த நினைத்தேன். முன்சீட்டில்தான் இருந்தேன்.

"வர்ற வெள்ளிக்கெழம போன் பண்ணி, வரலீன்னு சொல்லிடறேன் மாமா."

"நான் ஓட்டீட்டு வாரேன் கண்ணு, அதுக்கென்ன?"

"எத்தன நாளைக்குங்க? உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா அங்க அந்தம்மா கையத் தூக்கீட்டு நிக்கோணுமா?"

நியாயமான கேள்வி.

ஜூன் 22, ஞாயிறு

இன்று உண்மையைச் சொன்னேன். ஊரறிய. மத்தியானச் சாப்பாட்டில், எல்லோரும் இலையில் இருக்கும்போது எழுந்து நின்று சொன்னேன்.

"கேளுங்கள் வடவள்ளிப் பெருமக்களே! அந்தப் பம்பின் குரல்வளையை நெரித்த மகாபாதகன் இந்தச் சென்னியப்பன்! இவன் கையை வெட்டி உக்கடம் குளத்தில் போடுங்கள்! தாரிணி நிரபராதி! பச்சைக் குழந்தை! என்னைக் கழுதைமேல் ஏற்றி அவினாசி ரோடு முழுக்க..."

பிரகதீஷுக்குப் புரையேறிவிட்டது. சிரித்ததால்.

"உக்காருங்க சம்பந்தி, ரசம் ஆறுது," என்றார் நாச்சிமுத்து. "வால்பாறைல சிறுத்தையக் கழுத்தப் புடிச்சுத் திருப்பி அனுப்பினதும் நீங்கதான? இதும் நீங்கதான், சரி. சாப்புடுங்க."

"நெசமாத்தான் சொல்றேன்! என்ற நகம் கூட..."

"மாமா," என்றாள் தாரிணி. அவள் கண்ணில் நீர் இருந்தது. "எனக்காகப் பழிய எடுத்துக்கறீங்க, தெரியுது. வேண்டாங்க மாமா. அப்பன்கூட இப்படிப் பண்ணமாட்டாரு." என் இலையில் இன்னொரு போளி வைத்தாள்.

நான் உட்கார்ந்தேன்.

அந்தப் போளியைத் தின்றேன். இதை எழுதாமல் விடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். தின்றேன். நன்றாகக்கூட இருந்தது.

நான் சொல்லிவிட்டேன், அவர்கள் நம்பவில்லை, இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்வது? இப்படி ஒரு வாக்கியத்தை மாலைவரை உருட்டிக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. நம்பமாட்டார்கள் என்று தெரிந்த குரலில்தான் சொன்னேன்.

ஜூன் 23, திங்கள்

காப்பிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். தாரிணி சுக்குக் கசாயம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

ஜூன் 25, புதன்

காலையில் போனேன். நாச்சிமுத்து நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார். தாரிணி வாசலில் கோலமாவு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"சித்த வா கண்ணு," என்று காரின் பக்கம் கூப்பிட்டேன். பானட்டைத் திறந்தேன். பம்பைக் காட்டினேன்.

"இதுதான் அந்தப் பம்பு. இதுதான் ஒயரு. அன்னிக்கு நீ தண்ணி ஊத்தின டப்பா எங்க இருக்குது?"

அந்தப் பக்கம் என்று காட்டினாள்.

"அங்க நின்னு ஊத்தினா உன்ற கை இங்க வருதா? போட்டுப் பாரு."

குனிந்தாள். கையை நீட்டினாள். எட்டவில்லை.

"சரி. எட்டுதுன்னே வெச்சுக்க. இக்கட்ட, இந்தப் பக்கம் வா. இதத் தட்டிவிடு. கை தெரியாமப் பட்ட மாதிரி."

புறங்கையால் தட்டினாள். இன்னும் கொஞ்சம் வேகமாகத் தட்டினாள். பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை.

"இங்க ஒரு பூட்டு இருக்குது பாரு, சின்னதா. அத நகத்தால கெளப்போணும். கெளப்பீட்டு அமுக்கோணும். அமுக்கீட்டே இழுக்கோணும். தெரிஞ்சு பண்ணாத்தான் வரும்." கழற்றிக் காட்டினேன். மாட்டினேன். 'டிக்' என்றது. "நாலாந் தேதி நான் கழட்டினேன். பம்பு சும்மா ஓடுதுன்னு நெனச்சேன். பதினொண்ணாந் தேதி, நீ மூஞ்சி கழுவப் போனப்ப, நானே மாட்டீட்டேன்."

அவ்வளவுதான் சொன்னேன். வாயில் வந்த மிச்சத்தை விழுங்கினேன்.

அவள் அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"அப்ப நான் இல்ல."

"நீ இல்ல கண்ணு."

"நான் ஓட்டினதுலயும் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்ல. நல்லா ஓட்டின."

இன்னொரு முறை அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம் நான் அங்கே இருந்ததே அப்போதுதான் நினைவு வந்தது போல.

"சர்வீஸ் சென்டர்ல என்ற பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க."

"ஆமாங் கண்ணு."

"நான்தாங்கன்னு நான் சொன்னப்ப."

"ஆமா."

"அடுத்த புதங்கெழம என்னைய ஒக்கார வெச்சு ஓட்டீட்டுப் போறப்ப, பாட்டுப் பாடீட்டு வந்தீங்க."

தலையை ஆட்டினேன்.

"நல்ல வெள்ளச் சட்ட போட்டுட்டு," என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. கணக்கில் வராத ஒன்றைக் கணக்கில் சேர்க்கிறவள் போலச் சொன்னாள்.

கை நீட்டினாள். "சாவியக் குடுங்க மாமா."

போன வாரத்திலிருந்து ஒரு சாவி என்னிடம்தான் இருந்தது. கொடுத்தேன். பானட்டை அவளே இறக்கிச் சாத்தினாள். தெருவுக்கே கேட்டது.

ஜூன் 27, வெள்ளி

பிரகதீஷ் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வர்றேன்னு சொல்லிட்டா மாமா. செவ்வாய்க்கெழமல இருந்து," என்றான். "நானுந்தான் அந்தப் போட்டோவப் பெருசு பண்ணிப் பாத்தேன். அது அவளுக்குத் தெரியும். ரெண்டு நாளா எனக்கும் வீட்ல காப்பி இல்லீங்க." வாசற்படியில் திரும்பி, "இப்போதைக்கு நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னா. எப்ப வரலாம்னு சொல்லல."

சாயந்திரம் நாச்சிமுத்து வேறு. "ஏனுங்க சம்பந்தி, சிறுத்த கதையாச்சும் பொய்தான?" என்றார்.

"பொய்தானுங்க. அது காட்டுப் பூனை. நான் கழுத்தப் புடிக்கல, மரத்து மேல ஏறிட்டேன்."

"போச்சு போங்க. இனி எதைத்தான் நம்பறது," என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் வருத்தம்தான், மருமகளைக் குத்த வைத்திருந்த ஒரு கொம்பை நான் பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

காப்பி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பு நாசம்.

ஜூலை 3, வியாழன்

கடையில் தக்காளி வாங்கிக்கொண்டு மருதமலை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வெயில். தூரத்திலேயே வண்டி தெரிந்துவிட்டது. தாரிணி. தனியாக. கண்ணாடி இறக்கிவிட்டிருந்தாள், முடி காற்றில் பறந்தது.

அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்ததில் சந்தேகமில்லை, தலை ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பியது.

நிறுத்தவில்லை.

பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. அதற்குமுன் கியரைக் குறைத்து, வண்டி நோகாமல் ஏற்றி இறக்கி, பின்னால் வந்த மோட்டார் சைக்கிளுக்கு ஓரம் கொடுத்து, போய்விட்டாள்.

மிக நன்றாக ஓட்டுகிறாள். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை.